மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதம்

வின்ஸ்லோ, அயோவா
12 பிப்ரவரி 1996

அன்புள்ள திருமதி டாக்கெட் அவர்களுக்கு,

போன வருஷம் உங்கள் சமையலறையில் உட்கார்ந்து, பொரித்த கெளுத்தி மீனை மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போனானே, அந்தக் கூடைப்பந்துக் கோச்தான் எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். போனில் நான் பேசினால் கார் விற்கிறவன் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று என் மகள் சொல்வாள். அதனால் பேனாவை எடுத்தேன்.

உங்கள் மகன் லின்டெல் நன்றாக இருக்கிறான். குளிர் மட்டும் இன்னும் பிடிபடவில்லை, வகுப்புக்கு இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். ஆட்டத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நீங்களும் பத்திரிகை பார்ப்பீர்கள். முதலாண்டு மாணவன் ஒருவன் இப்படி ஆடி, பதினாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பிரச்சினையே அதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் நல்ல கோட்டுப் போட்ட ஆட்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்போது லின்டெல் முதல் பத்துப் பேரில் வருவான் என்று அவர்கள் சொல்கிறார்கள். மே மாத நடுவுக்குள் அவன் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்து, ஓர் ஏஜென்ட்டிடம் கையெழுத்தும் போட்டுவிட்டால் கல்லூரிக்குத் திரும்பி வர வழியில்லை.

சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறும்போது எங்கள் மூன்றாம் வருஷக்காரன் ஒருவன் கேட்டான்: “டேய் லின்டெல், அடுத்த வருஷம் உன்ன டிவியில பாக்கணுமா, இல்ல மெஸ் வரிசையில பாக்கணுமா?”

லின்டெல் சொன்னான்: “மெஸ்ல என்ன சாப்பாடுன்னு சொல்லு, அப்புறம் சொல்றேன்.”

பேருந்தே சிரித்தது. முன் இருக்கையில் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்.

உண்மையுள்ள,
எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட், மிசிசிப்பி
23 பிப்ரவரி 1996

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் மீன் சாப்பிட்டது இரண்டு தடவை. மூன்றாவது தடவை தட்டில் வைத்ததை என் கணவர் சாப்பிட்டார்.

நான் இங்கே நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். ஆட்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைச் செய்வதால், ஒருவர் என்ன சொன்னார் என்பது எனக்கு மறப்பதில்லை. அன்று என் வீட்டில் நீங்கள் சொன்னது இது: “நாலு வருஷம் எங்கிட்ட விடுங்க மேடம். பட்டத்தோட அனுப்பி வைக்கறேன்.” நான் தலையாட்டினேன். ஆனால் அப்போது அவன் யாருக்கும் தெரியாத பையன்.

என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். போவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. லின்டெலின் அப்பா ஹோலிஸை நீங்கள் பார்த்தீர்கள். உங்களோடு கை குலுக்க எழுந்திருக்கவில்லையே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மர அறுவை ஆலையில் முப்பத்தாறாவது வயதில் ஒரு கட்டை உருண்டு அவர் முதுகில் விழுந்தது. அன்று காலை ஏழு மணி வரை அந்த ஆலையிலேயே அதிக பலசாலி அவர்தான். ஏழேகாலுக்கு இல்லை. உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்கு நான்கு வருடம் என்பது சின்ன விஷயமா?

இன்னொன்று. பையன்கள் நான்கு வருடம் இருக்க வேண்டும் என்று கோச்சுகள் சொல்கிறார்கள். கோச்சுகள் நான்கு வருடம் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இதைத்தான் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள்: அவன் இருந்தால் நீங்கள் இருப்பீர்களா?

வெர்லீன் டாக்கெட்


வின்ஸ்லோ
5 மார்ச் 1996

அன்புள்ள திருமதி டாக்கெட்,

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். இருப்பேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. என் மனைவியை இந்த ஊரில்தான் அடக்கம் செய்தேன். நல்ல அழைப்புகள் இரண்டு தடவை வந்தன, இரண்டு தடவையும் வேண்டாம் என்று சொன்னேன். லின்டெல் பட்டம் வாங்குகிற அன்றைக்கு நான் இங்கேதான் இருப்பேன்.

இனி ஆட்டத்தைப் பற்றி, ஒளிக்காமல். அவனுக்கு இடது கை இன்னும் வரவில்லை. உயரம் இருக்கிறது, எடை இல்லை. வளையத்துக்குக் கீழே பெரிய ஆட்கள் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினால் இரண்டடி நகர்ந்துவிடுகிறான். இங்கே அவனைத் தள்ளுகிறவர்கள் இருபது வயதுப் பையன்கள். அங்கே தள்ளுகிறவர்களுக்கு முப்பது வயது, வீட்டில் மூன்று குழந்தைகள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஆடிய ஒருவன் இரண்டாம் வருஷம் முடித்ததும் போனான். நான்தான் போ என்றேன். மூன்று வருஷத்தில் நான்கு அணி. இப்போது டெமாயினில் ஒரு லாரி நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறான். கெட்டுப்போய்விட்டான் என்றெல்லாம் கதை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கிறான். போன மாதம் கடையில் பார்த்தபோது சொன்னான்: “கோச், அந்த மூணு வருஷத்துல எந்த ஊர்லயும் எங்கிட்ட ஒரு வீட்டுச் சாவி இருந்ததில்ல. எல்லாம் ஹோட்டல் கார்டுதான்.” கையில் பால் டப்பாவோடு நின்று சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு அது மறக்கவில்லை.

லின்டெலுக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுங்கள். நான்குகூட வேண்டாம்.

எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட்
30 மார்ச் 1996

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன்,

நீங்கள் தோற்ற ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஹோலிஸ் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். வர்ணனை செய்கிறவர்கள் அவருக்கு ஆவதில்லை.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் ப்ரூயிட் என்கிற ஏஜென்ட் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டார். பழம் நிறைந்த ஒரு கூடையும் கொண்டுவந்திருந்தார். பேசியதை அப்படியே தருகிறேன்.

“மேடம், உங்க பையன் சாதாரணப் பையன் இல்ல.”

“எதுல?”

“எல்லாத்துலயும்.”

“அல்ஜீப்ரால ரெண்டு தடவ ஃபெயில் ஆனான்.”

“அவனுக்கு எதுக்கு மேடம் அல்ஜீப்ரா? இவன மாதிரி ஒருத்தன் கெடைக்க மாட்டானான்னு நாடே காத்துக்கிட்டிருக்கு.”

“நாடு காத்துக்கிட்டிருக்கட்டும். எனக்கு ஒண்ணரைக்கு கேஸ் இருக்கு.”

கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஓர் ஆரஞ்சை மட்டும் காவலாளி எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை லின்டெல் விடுமுறைக்கு வந்தான். இளைத்திருந்தான். இரவுச் சாப்பாட்டில் பேச்சு வந்தது. ஹோலிஸ் சொன்னார்: “ஒடம்பு நல்லா இருக்கறப்பவே போயிடுடா. நாளைக்கு என்ன ஆகும்னு என்னப் பாத்தா தெரியல?” லின்டெல் என் பக்கம் திரும்பினான். “அம்மா, நீ சொல்லு.”

உங்கள் மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். “கோச் எழுத்துல குடுத்திருக்காரு, நீ இருந்தா நானும் இருப்பேன்னு. சும்மா வாயால சொல்றவங்கள தெனம் பாக்கறேன். எழுதிக் குடுக்கறவங்க கம்மி. நீ இரு” என்றேன்.

“சரிம்மா” என்றான். எழுந்து போய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தான். அவன் யோசிக்கக்கூட இல்லை. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை. ஹோலிஸ் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஆக, அவன் இருக்கிறான். சொல்லவேண்டியது எனக்கு அவ்வளவுதான்.

வெர்லீன் டாக்கெட்


வின்ஸ்லோ
14 மே 1996

அன்புள்ள திருமதி டாக்கெட்,

கெடு முடிந்தது. லின்டெல் பெயர் கொடுக்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறது, ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன், படத்தில் அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். ஹோலிஸிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கோடையில் லின்டெலின் இடது கைக்கு என்னென்ன பயிற்சி என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். இந்த நம்பிக்கையை நான் மறக்க மாட்டேன்.

எல்டன் ஹால்வர்சன்


வின்ஸ்லோ
24 மே 1996

அன்புள்ள திருமதி டாக்கெட்,

இதற்குள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் என் கடிதம் வந்து சேர வேண்டும் என்று பார்த்தேன், முடியவில்லை. அது பொய். முடிந்திருக்கும். நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

மேற்கே ஒரு தொழில்முறை அணிக்குத் தலைமைக் கோச்சாகப் போகிறேன். அவர்கள் கூப்பிட்டது பதினேழாம் தேதி. நான் உங்களுக்கு மே பதினாலாம் தேதி எழுதியபோது எனக்கு எதுவும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் உண்மை அதுதான். முன்னால் வந்த இரண்டு அழைப்புகளும் வேறு கல்லூரிகள். இது வேறு. நான் சின்ன வயதிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் இது. ஐம்பத்து மூன்று வயதுக்காரனை இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். மனைவி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். சரியாகத் தெரியவில்லை.

நேற்று மதியம் பையன்களை உட்காரவைத்துச் சொன்னேன். மூன்றாம் வருஷக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். லின்டெல் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

“எப்ப கெளம்பறீங்க கோச்?”

“திங்கக்கிழம.”

“பெட்டியெல்லாம் தூக்கணும்னா சொல்லுங்க.”

அவ்வளவுதான் கேட்டான். கிண்டல் இல்லை. இன்று காலை வந்து தூக்கவும் செய்தான்.

புதிதாக வருகிறவர் நல்ல கோச். லின்டெல் வேறு கல்லூரிக்கு மாறினால் விதிப்படி ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். மாறவேண்டாம் என்பது என் எண்ணம். என் எண்ணத்தை இப்போது யார் கேட்டார்கள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது.

எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட்
3 ஜூன் 1996

திரு. ஹால்வர்சன்,

உங்கள் மார்ச் ஐந்தாம் தேதிக் கடிதத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கும்.

வெ. டாக்கெட்


30 செப்டம்பர் 1996

அன்புள்ள திருமதி டாக்கெட்,

நகல் கிடைத்தது. நான்கு மாதமாக மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று தோன்றும், எழுத ஒன்றும் இருக்காது. இங்கே அடுத்த வாரம் பயிற்சி முகாம் தொடங்குகிறது. லின்டெலுக்குப் போன் செய்தேன். எடுத்த பையன், அவன் நூலகத்தில் இருப்பதாகச் சொன்னான். பின்னால் லின்டெல் யாரிடமோ பேசுகிற சத்தம் கேட்டது.

எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட்
7 ஜனவரி 1997

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன்,

உங்களுக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். லின்டெல் கிறிஸ்துமஸுக்கு வந்து போனான். அதன் பிறகு எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி. புதுக் கோச் மெதுவாக ஆடவைக்கிறார். பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். லின்டெலை வளையத்துக்குக் கீழே நிறுத்தி, பெரிய ஆட்களோடு முட்டிக்கொண்டு நிற்கவைக்கிறார். அவன் புள்ளிகள் பாதியாகிவிட்டன. பத்திரிகைகளில் அவன் பெயரே இல்லை. ப்ரூயிட் இப்போது பழக்கூடை கொண்டுவருவதில்லை. ஹோலிஸ் என்னை ஒன்றும் சொல்வதில்லை. ஆட்டம் ஓடும்போது ஒரு தடவை என்னைப் பார்ப்பார், பிறகு திரும்பிக்கொள்வார்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை நானும் லின்டெலும் காரில் என் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முன்னால் அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. பேச்சு இது.

“நான் சொல்லித்தான நீ இருந்த. அந்த ஆள் லெட்டர நம்பி உன் வாழ்க்கைய வெச்சு வெளையாடிட்டேன்.”

“அம்மா, நான் அந்த லெட்டருக்காக இருக்கல.”

“பின்ன?”

அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான்.

“போன மார்ச்ல நாங்க தோத்த மேட்ச் இருக்கே, அதே அரங்கத்துல அன்னிக்குக் காலைல ஒரு ப்ரொஃபஷனல் டீம் பயிற்சி எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஓரமா ஒருத்தரு முட்டிக்குக் கட்டு சுத்திக்கிட்டிருந்தாரு. வயசு முப்பத்தி நாலு இருக்கும். என்னப் பாத்து, ‘எந்த எடத்துல ஆடற தம்பி?’ன்னாரு. சொன்னேன். ‘அப்ப என் எடம்தான் உனக்கு வேணும். வா, வந்து எடுத்துக்க. சும்மா மட்டும் குடுக்க மாட்டேன்’னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயி இன்னொருத்தன ஒரு இடி இடிச்சாரு பாரு. அந்தச் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.”

“அதுக்கென்ன?”

“எனக்குப் பயமா இருந்திச்சும்மா. அன்னிக்கு மேட்ச்ல பந்து வந்தா ஒடனே அடுத்தவனுக்குத் தள்ளி விட்டேன். நாங்க தோத்ததுக்குக் காரணமே நான்தான். நீ இருன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்திச்சு. கோச் போறேன்னு சொன்னப்பக்கூட கோவம் வரல. கோவம் அப்புறமா வந்துச்சு.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ லெட்டர காமிச்ச. அப்பா முதுக காமிச்சாரு. பயமா இருக்கான்னு யாரும் கேக்கல.”

மீதித் தூரம் ரேடியோ ஓடியது.

இருபத்திரண்டு வருடமாக நான் ஆட்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று இரவு அவன் “சரிம்மா” என்று சொன்னபோது முகத்தைப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் அந்த நகலை அனுப்பியபோது குற்றம் முழுவதும் உங்கள் தலையில் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. இப்போது முழுவதும் இல்லை. உங்கள் பங்கு உங்களிடமே இருக்கட்டும். என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன் என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

வெர்லீன் டாக்கெட்


2 மார்ச் 1997

அன்புள்ள திருமதி டாக்கெட்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு மாதமாகப் போகிறது. அதற்குள் என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐம்பத்தாறு ஆட்டத்தில் நாற்பத்து நான்கு தோல்வி. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சலவைக்குப் போட்ட சட்டைகளை வாங்கக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு விஷயம் எனக்கு முன்னால் ரேடியோவில் தெரிந்திருந்தது. “ரசீது பரவால்ல சார், எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

இந்த ஆட்டக்காரர்களுக்கு நான் தேவைப்படவில்லை. பதினெட்டு வயதுப் பையன்களிடம் பேசிப் பழகிய வாய் எனக்கு. முப்பது வயது ஆட்களிடம் அதே தொனியில் பேசினேன். ஒருவன் ஒரு நாள் எழுந்து, “கோச், என் பொண்ணுக்கிட்ட நான் இப்படித்தான் பேசுவேன். அவளுக்கு ஆறு வயசு” என்றான். அத்தோடு முடிந்தது.

லின்டெல் காரில் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். இதைத்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அன்று அரங்கத்தில் அவனுக்குப் பத்தடி பின்னால் நான் நின்றேன். அந்த ஆள் பேசியதும் கேட்டது, இடித்ததும் கேட்டது. லின்டெல் திரும்பியபோது அவன் முகத்தைப் பார்த்தேன். பயந்திருக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரியும். பையனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், எனக்குக்கூட இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயந்தவன் போக மாட்டான், அடுத்த வருஷமும் என்னிடம் ஆடுவான். அது எனக்கு வசதியாக இருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, எண்ணம் என்று ஒன்று அங்கே இருக்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கு இரண்டு மாதம் கழித்து நான் போனது, நீங்கள் நகல் எடுத்து அனுப்பிய குற்றம். இது அதைவிடப் பெரியது. இது உங்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

மில்வாக்கியில் என் மகள் இருக்கிறாள். அங்கே போகிறேன்.

எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட்
29 ஜூன் 1997

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன்,

லின்டெல் இந்த வருடம் பெயர் கொடுத்தான். எங்களைக் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு வந்து சொன்னான். நான் இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னேன். இந்தத் தடவை ஹோலிஸும் அதையே சொன்னார். உன்னை யாரும் சீண்டாத வருடத்தில் போய் நிற்கிறாயே என்றோம். “யாரும் பாக்காதப்ப போனா நிம்மதியா இருக்கும்” என்றான்.

புதன்கிழமை சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். தேவாலயத்திலிருந்து இருபது பேர், ஆலையில் ஹோலிஸோடு வேலை பார்த்தவர்கள் ஆறு பேர். முதல் சுற்றில் பெயர் வரவில்லை. அது வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயர்கள் ஒவ்வொன்றாக வர வர, அறையில் இருந்தவர்கள் சாப்பாட்டை எடுக்கிற மாதிரி எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. லின்டெல் கொல்லையில் என் தங்கை பிள்ளைகளுக்குத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாற்பத்தொன்றாவதாகக் கிழக்குக் கரையில் ஓர் அணி அவன் பெயரைச் சொன்னது. நான் கொல்லைக்கு ஓடினேன். “நாப்பத்தொண்ணு!” என்று கத்தினேன்.

“எந்த ஊரும்மா?” என்று கேட்டான். ஊரைச் சொன்னேன். “அங்கயும் குளிருதான்” என்றான்.

இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவனுக்கு அணியில் இடம் நிச்சயமில்லை என்று ப்ரூயிட் போனில் விளக்கினார். அக்டோபர் முகாமில் பதினெட்டுப் பேர் வருவார்கள், பன்னிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அவன் அதைக் கேட்டுவிட்டு, நனைந்த செருப்போடு வீட்டுக்குள் வந்து தூங்கிவிட்டான். ஹோலிஸ் வெகுநேரம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் வைத்துப் பார்த்தார்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. ஆனால் படித்தேன்.

வெர்லீன் டாக்கெட்


மில்வாக்கி, விஸ்கான்சின்
23 நவம்பர் 1997

அன்புள்ள திருமதி டாக்கெட்,

லின்டெல் முகாமில் மிஞ்சிவிட்டான் என்று பத்திரிகையில் படித்தேன். பன்னிரண்டாவது ஆள். வெள்ளிக்கிழமை அவர்கள் அணி இங்கே ஆட வந்தது. டிக்கெட் எடுத்து மேல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, என் மகளிடம்கூட.

மூன்றாவது கால்பகுதி முடிகிறவரை அவன் பெஞ்சில்தான் இருந்தான். பிறகு அவர்களுடைய பெரிய ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் மடங்கியது, இவனை இறக்கினார்கள். ஆறு நிமிடம் ஆடினான். எங்கள் ஊர் அணியில் நூற்றிருபது கிலோ இருக்கிற ஒருவன் வளையத்துக்குக் கீழே இவனை முதுகால் நெம்பினான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் லின்டெல் நகர்ந்திருப்பான். இப்போது நகரவில்லை. கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நின்றான். அந்த ஆள் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தான். நாலு தடவை வளையத்தில் பட்டு வந்த பந்தை இவன்தான் பிடித்தான். ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. அவன் அந்த அணியில் இருப்பதே அந்த நிற்கிற நிலைக்காகத்தான்.

அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை. மெதுவாக ஆடவைக்கிற அந்தப் புதுக் கோச் கற்றுக்கொடுத்தார். நான் அங்கேயே இருந்திருந்தால் அவனை வெளியே நிறுத்திப் பந்தைக் கொடுத்துக்கொண்டே இருந்திருப்பேன், எங்கள் எல்லோருக்கும் அது பார்க்க நன்றாக இருந்திருக்கும். இதை எனக்கு ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் கீழே போகலாம் என்று இறங்கினேன். ஆட்டக்காரர்கள் பேருந்துக்குப் போகிற வழியில் கயிறு கட்டியிருந்தது. லின்டெல் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு சின்னப் பெண் நீட்டிய தாளில் நின்று கையெழுத்துப் போட்டான். எனக்கும் அவனுக்கும் நடுவில் முப்பதடி இருக்கும். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் போன பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவன் நலமாக இருக்கிறான் என்பதை உங்களுக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்று தோன்றியது. உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், இருந்தாலும்.

எல்டன் ஹால்வர்சன்


டெல்ஃபோர்ட்
4 டிசம்பர் 1997

மதிப்பிற்குரிய திரு. ஹால்வர்சன்,

உங்கள் கடிதத்தை ஹோலிஸுக்குப் படித்துக் காட்டினேன். “அந்த ஆள் ஏன் தூணுக்குப் பின்னால நிக்கறான்?” என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான்.

உங்களிடம் சொல்வதற்கு லின்டெலிடம் சில வார்த்தைகள் இருக்கின்றன. நல்ல வார்த்தைகள் இல்லை. பதினெட்டு மாதமாக அவற்றை வைத்துக்கொண்டிருக்கிறான். என்னிடம் ஒரு தடவை சொன்னான், ஹோலிஸிடம் ஒரு தடவை சொன்னான். எங்களிடம் சொல்லி அது தீரவில்லை. நான் அதை எழுதி அனுப்பினால் நீங்கள் படித்து இழுப்பறையில் வைத்துவிடுவீர்கள். அதனால் அனுப்பப் போவதில்லை.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவர்கள் மறுபடியும் மில்வாக்கிக்கு வருகிறார்கள். பேருந்து நிற்கிற பக்கம் உங்களுக்குத் தெரியும். கயிற்றுக்கு முன்னால் போய் நில்லுங்கள். அவன் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும் சாப்பிட்டானா என்று கேளுங்கள். ஆட்டம் முடிந்தால் அவனுக்குப் பசிக்கும்.

வெர்லீன் டாக்கெட்